தனித் தட்டு வேண்டாம், தனி பிளேடு வேண்டும்

ரத்த தான முகாமில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தவருக்குச் சில நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து போன் வரும். துபாய் போக மெடிக்கல் எடுத்த பையனின் தாளில் 'அன்ஃபிட்' என்று விழும். குடலிறக்க ஆபரேஷனுக்கு முன் எடுத்த பரிசோதனையிலோ, கர்ப்பிணிக்கு முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்ததிலோ 'எச்பிஎஸ்ஏஜி ரியாக்டிவ்' என்று, அதாவது ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி வைரஸின் அடையாளம் இருக்கிறது என்று, ஒரு வரி இருக்கும். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், பொன்னமராவதிப் பக்கம், கல்லீரலைத் தாக்கும் இந்த ஹெபடைடிஸ் பி ஒரு வீட்டுக்குத் தெரியவருவது பெரும்பாலும் இப்படித்தான். ஆள் நன்றாக இருப்பார், நேற்றுவரை வேலைக்குப் போயிருப்பார். தாள்தான் சொல்லும்.

அன்று சாயங்காலமே தட்டு தனி, டம்ளர் தனி, சொம்பு தனி என்று ஆகிவிடும். பெரிய வீடாக இருந்தால் படுக்கை இரண்டாங்கட்டுக்குப் போய்விடும். "பேரனைத் தூக்காதீக" என்று ஆச்சி மெதுவாகச் சொல்லுவார். அதே வீட்டில் குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே அப்பா, அண்ணன், தம்பி மூவருக்கும் ஒரே ரேசர் கிடக்கும். செட்டியாருக்கும் ஆச்சிக்கும் சுகர் பார்க்க ஒரே குத்தும் பேனா இருக்கும். அதை யாரும் பிரிப்பதில்லை. பயம் இருக்கிறது, ஆனால் அது போய் நிற்கும் இடம் தப்பு. இந்த நோய் விஷயத்தில் எங்கள் பக்கம் திரும்பத் திரும்பப் பார்க்கும் பிழை இது ஒன்றுதான். கீழே சொல்வதெல்லாம் அந்தப் பயத்தை எங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பதுதான்.

குழப்பத்துக்கு வேர் 'காமாலை' என்ற சொல். கண் மஞ்சளானால் எல்லாம் நமக்குக் காமாலை. ஆனால் கல்லீரலைத் தாக்கும் வைரஸ்கள் வேறு வேறு. ஏ, இ இரண்டும் கெட்ட தண்ணீரிலும் சாப்பாட்டிலும் வருபவை. அவற்றுக்குத் தண்ணீரைக் கொதிக்கவைப்பது, கை கழுவுவது, பாத்திரத்தைச் சுத்தமாக வைப்பது எல்லாம் சரி. பி, சி இரண்டும் ரத்தத்தின் வழியே வருபவை. டி என்று ஒன்று உண்டு, அது பி இருக்கிற உடம்பில் மட்டும்தான் பிழைக்கும். தண்ணீர்க் காமாலைக்குப் பாட்டி காலத்தில் செய்த ஒதுக்கலை அப்படியே தூக்கி ரத்தக் காமாலைக்குப் போட்டுவிட்டோம்.

கீழாநெல்லிக்கும் இதே குழப்பத்தில்தான் பேர் வந்தது. கீழாநெல்லி அரைத்துக் குடித்து, உப்பில்லாப் பத்தியம் இருந்து தெளிந்தவர்களில் பலருக்கு வந்திருப்பது ஏ அல்லது இ; அது ஓய்விலேயே தெளியும். வளர்ந்தவருக்குப் புதிதாகத் தொற்றும் பி-கூட 100-ல் 95 பேருக்கு ஆறு மாதத்துக்குள் தானாக விலகிவிடும். யார் எந்த இலையைக் கொடுத்திருந்தாலும் விலகியிருக்கும். 1988-ல் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு, கீழாநெல்லி கொடுத்ததில் பாதிக்கு மேற்பட்டோருக்கு பி வைரஸின் அடையாளம் மறைந்ததாக லான்செட் இதழில் வெளியானது. உலகம் முழுக்க நம்பிக்கை எழுந்தது. பிறகு மற்றவர்கள் செய்துபார்த்தபோது அந்த முடிவு திரும்பக் கிடைக்கவில்லை. சாம்பாரில் கீரையாகப் போட்டால் யாரும் தடுக்கப்போவதில்லை. பி-க்கு மருந்து என்று அதை நம்பி ஸ்கேனைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

வைரஸ் எதில் இருக்கிறது என்று பார்த்தால் பாதிக் கவலை போய்விடும். ரத்தத்தில்தான் மிக அதிகம். விந்திலும் பெண்ணுறுப்புத் திரவத்திலும் உண்டு. எச்சிலில் கொஞ்சம் இருந்தாலும் ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, முத்தத்தாலோ, இருமல் தும்மலாலோ பரவுவதில்லை. பல் பதிந்து ரத்தம் வரும்படி கடித்தால் மட்டும் வேறு கதை. கொசுவால் வராது. ஊருணியில் சேர்ந்து குளிப்பதால் வராது. கல்யாண வீட்டில் சமையல் மாஸ்டருக்கு பி இருந்தாலும் அவர் கையால் பரிமாறும் வெள்ளைப் பணியாரத்தில் எந்த வில்லங்கமும் இல்லை. தாய்ப்பாலாலும் பரவாது, காம்பு வெடித்து ரத்தம் கசிந்தால் ஆறும்வரை அந்தப் பக்கத்தை மட்டும் தவிர்த்தால் போதும்.

ஆனால் ரத்தம் என்று வந்துவிட்டால் இது சாதாரண ஆள் இல்லை. உடம்புக்கு வெளியே, காய்ந்துபோன ரத்தத்தில், குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற அளவு ரத்தம் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தடுப்பூசி போடாத ஒரு நர்சுக்கு, பி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்திவிட்டால் தொற்றுகிற வாய்ப்பு 100-க்கு 6 முதல் 30 வரை. எய்ட்ஸ் வைரஸுக்கு அதே குத்தில் 1,000-க்கு 3. எய்ட்ஸுக்குப் பயந்து நடுங்குகிறவர்கள் பி-யை 'சும்மா காமாலை' என்பது வேடிக்கைதான்.

இனி சலூன்.

முழு பிளேடைத் தாளோடு வளைத்து இரண்டாக ஒடித்து, பாதியைப் பிடியில் செருகி ஷேவ் செய்வார்கள். மீதிப் பாதி தாளுக்குள்ளேயே அடுத்த ஆளுக்கு இருக்கும். அதில் தப்பில்லை, அது யார் மேலும் படாத பாதி. தப்பு நடப்பது கட்டிங்கில். ஷேவிங் என்றால் புது பிளேடு போடுகிற கடையிலேயே, முடிவெட்டி முடித்துக் காதோரத்தையும் பிடரியையும் வழிக்க, முன்னால் உட்கார்ந்திருந்தவருக்குப் போட்ட பிளேடோடு வந்துவிடுவார்கள். ரெண்டு இழுப்புதானே என்ற நினைப்பு. பிடரியில் பரு இருக்கும், வேர்க்குரு இருக்கும், அங்கேதான் கீறும். அதனால் நாற்காலியில் உட்காரும்போதே "கழுத்துக்கும் புது பிளேடு போடுங்கண்ணே" என்று சொல்லிவிடுங்கள். கட்டிங் முடிந்து நுரை தடவிய பிறகு சொன்னால் சங்கடம், கேட்பவருக்கும் சொல்பவருக்கும்.

பிளேடு மாறினாலும் பிடி மாறுவதில்லை. பிளேடு செருகும் அந்த இடுக்கில் நுரையும் முடியும் ரத்தமும் சேர்ந்து காய்ந்திருக்கும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு மேலோட்டமாக ஓர் இழுப்பு இழுத்தால் இடுக்குக்குள் எதுவும் போகாது. காலையில் டெட்டால் ஊற்றிய மக்குத் தண்ணீர் சாயங்காலம் வெறும் அழுக்குத் தண்ணீர். கடைக்காரர் செய்ய வேண்டியது கடினமில்லை. மூன்று பிடி வாங்கிக்கொள்ள வேண்டும். ஒன்று கையில் இருக்கும்போது, முடிந்ததைப் பழைய பல்துலக்கியும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவி, பிளீச் கரைசலில் 10 நிமிடம் போட வேண்டும். கடையில் திரவமாக விற்கும் வீட்டு பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு. பிறகு நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் துரு ஏறும். கரைசலைத் தினம் புதிதாகக் கலக்க வேண்டும். நேற்றையது வேலை செய்யாது. முதலில் கழுவாமல் நேராகக் கரைசலில் போட்டாலும் வேலை செய்யாது, ரத்தமும் சோப்பும் அழுக்கும் குளோரினைத் தின்றுவிடும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடிக்காதது படிகாரக் கல். வெட்டுப்பட்ட இடத்தில்தான் அதைத் தேய்ப்பார்கள். ரத்தம் நிற்கத்தானே அது? அடுத்தவர் வெட்டிலும் அதே கல்லைத்தான் தேய்ப்பார்கள். ஒருவர் புண்ணிலிருந்து இன்னொருவர் புண்ணுக்கு நேர்வழி போட்டுக் கொடுத்ததுபோல. படிகாரம் வேண்டுமென்றால் பொடித்துப் பஞ்சில் தொட்டு வைத்து, பஞ்சைத் தூக்கிப்போடச் சொல்லுங்கள். கல் வேண்டாம் என்று கையைக் காட்டி மறுத்துவிடுவது இன்னும் சுலபம்.

குன்றக்குடியிலோ பழனியிலோ குழந்தைக்கு முதல் மொட்டை போடும்போதும் இதேதான். குழந்தை தலையை ஆட்டும், கீறல் விழாமல் முடியாது. கண் முன்னால் பிரித்த பிளேடு, கழுவிய பிடி, வீட்டிலிருந்து கொண்டுபோன துண்டு, மூன்றும் இருக்கட்டும். காது குத்துக்கும் ஆசாரியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். புதுக் கம்பியாலேயே குத்துகிறார் என்றால் அந்தக் கம்பி வேறு காதில் நுழையாதது என்று உறுதி. தனி ஊசியால் துளையிட்டு அப்புறம் கம்பி கோக்கிறார் என்றால் அந்த ஊசி எத்தனை காது பார்த்தது என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

மாசி-பங்குனியில் காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்குப் பால்குடமும் காவடியும் போகிற நாட்களில் அலகு குத்திக்கொள்பவர்கள் உண்டு. வேண்டுதலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அலகைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கன்னத்திலும் நாக்கிலும் போகும் அலகு உங்களுடையதாக இருக்கட்டும். முந்தின நாள் சோப்புப் போட்டுக் கழுவி, குக்கரில் தண்ணீரோடு போட்டு, நீராவி வந்து வெயிட் போட்டபின் 20 நிமிடம் வைத்து, திறக்காமல் ஆறவிட்டு, சுத்தமான துணியில் சுற்றிக்கொண்டு போங்கள். எலுமிச்சம் பழத்தில் குத்தி எடுத்தால் சுத்தமாகிவிடும் என்பது வெறும் பழக்கம், வைரஸுக்கு அது தெரியாது. அலகு எடுத்த இடத்தில் விபூதி அமுக்குகிறவர் ஒரே விரலால் வரிசையாகப் பத்துப் பேருக்கு அமுக்குவார். உங்கள் விபூதியை உங்கள் வீட்டுக்காரர் கையாலேயே அமுக்கச் சொல்லுங்கள்.

திருவிழாக் கடைகளில் பச்சை குத்துவதில் ஏமாற்று ஒன்று இருக்கிறது. ஊசி புதுசு என்று உறையைக் கிழித்துக் காட்டுவார்கள். பார்க்க வேண்டியது மைக் குப்பியை. குத்திய ஊசி மையைத் தொட, மறுபடி தோலைத் தொட, மறுபடி மையைத் தொட என்று ஓடிக்கொண்டே இருக்கும். நேற்று குத்தியவர் ரத்தம் அந்த மையில்தான் இருக்கும். ஒரு ஆளுக்கு ஒரு சின்ன மூடி அளவு மை ஊற்றி, மிச்சத்தைக் கொட்டுகிற இடத்தில் மட்டும் குத்திக்கொள்ளலாம்.

சிராவயல் மஞ்சுவிரட்டில் மாடு முட்டி விழுந்தவரைத் தூக்க ஓடுகிறவர்கள் வெறுங்கையால்தான் ரத்தத்தை அமுக்குகிறார்கள். அவர்கள் கையிலும் மாட்டைப் பிடித்த கீறல் இருக்கும். அந்த நேரத்தில் கையுறை தேடச் சொல்ல முடியாது. கைக்குக் கிடைத்த பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு அமுக்கினாலே போதும். ஒருவர் காயத்தை அமுக்கிய துண்டை அடுத்தவர் காயத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஊசியைப் பற்றிப் பேசும்போது முதலில் நம்மைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. "ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர்" என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் ஊர் இது. சளிக்கும் உடம்பு வலிக்கும் போடும் ஊசிகளில் பாதி மாத்திரையில் முடிகிற வேலை. போடாத ஊசியால் எந்த வைரஸும் ஏறாது. போட்டே ஆக வேண்டும் என்றால் உறை கிழிவதைக் கண்ணால் பாருங்கள். ஊசி முனையை மட்டும் மாற்றி, சிரிஞ்சை வைத்துக்கொள்வது பழைய மோசடி. மருந்து ஏறி முடிந்ததும் முனையை வெளியே இழுக்கும்போது ஒரு துளி ரத்தம் சிரிஞ்சுக்குள் பின்வாங்கும். கண்ணுக்குத் தெரியாது. அதே சிரிஞ்சால் பத்துப் பேருக்கான மருந்துக் குப்பியில் உறிஞ்சினால் குப்பி முழுக்கக் கெட்டது. குஜராத்தின் மொடாசா பகுதியில் 2009-ல் இப்படிச் சிரிஞ்சைத் திரும்பப் பயன்படுத்தியதில்தான் ஹெபடைடிஸ் பி கொத்தாகப் பரவிப் பலர் இறந்தார்கள். கழித்த சிரிஞ்சுகள் பழைய சாமான் சந்தை வழியாகத் திரும்பி வந்ததும் அப்போது வெளியானது.

கிளினிக்கில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு: போட்ட ஊசிக்கு மூடி மாட்டாதீர்கள். ஊசி குத்துகிற விபத்துகளில் பல அந்த மூடி மாட்டும்போதுதான். கையில் எடுத்த ஊசி நேராக ஊசி வெட்டிக்குப் போக வேண்டும், அங்கிருந்து குத்த முடியாத வெள்ளை டப்பாவுக்கு. டப்பா முக்கால் பங்கு நிறைந்ததும் மூடிவிட வேண்டும். நிறைந்த டப்பாவில் விரலால் அமுக்கித் திணிப்பவர்களைப் பார்க்கும்போது நமக்குத்தான் விரல் கூசுகிறது.

வீட்டுச் சுகர் மீட்டர் இந்தப் பட்டியலில் இருப்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஊசி முனையை மாற்றிவிட்டோமே என்பார்கள். குத்தும் பேனாவின் மூக்கு, விரலில் அழுத்தி வைக்கும் அந்த வளையம், ரத்தம் படுகிற இடம். வெளிநாட்டு முதியோர் இல்லங்களில் ஒரே பேனாவை எல்லோருக்கும் பயன்படுத்தி பி பரவிய சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. மீட்டர் பொதுவாக இருக்கலாம், ரத்தம் பட்டால் துடைத்துவிட்டு. பேனா ஆளுக்கு ஒன்று. இன்சுலின் பேனா நிச்சயமாக ஆளுக்கு ஒன்று, முனையை மாற்றினாலும். பல்துலக்கி, நகவெட்டி, ரேசர், தோடு இவையும் அப்படியே. இவ்வளவுதான் வீட்டில் பிரிக்க வேண்டிய சாமான். ஒரு சோப்பு டப்பாவில் அடங்கிவிடும்.

தரையில் ரத்தம் சிந்தினால் கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொண்டு, முதலில் பழைய செய்தித்தாளால் ஒற்றி எடுங்கள். பிறகு பிளீச் கரைசல் ஊற்றி 10 நிமிடம் விட்டுத் துடையுங்கள். திரவ பிளீச் இல்லாத வீட்டில் பிளீச்சிங் பவுடர் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம், அதாவது குவித்த ஒரு மேசைக்கரண்டி. மழைக்காலத்தில் திறந்து கிடந்த பவுடரில் குளோரின் வாசனையே இருக்காது. அதைப் போட்டுப் பயனில்லை. ஆத்தங்குடிக் கல் பாவிய தரையாக இருந்தால் 10 நிமிடம் ஆனதும் நல்ல தண்ணீரில் இரண்டு முறை துடைத்துவிடுங்கள், பூவின் நிறம் மங்காமல் இருக்கும். துணியில் பட்ட ரத்தத்தைச் சோப்புப் போட்டுத் தனியாக அலசி வெயிலில் போட்டால் போதும், எரிக்க வேண்டாம்.

கணவன் மனைவி விஷயத்தில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்குப் பரிசோதனை, இல்லை என்றால் தடுப்பூசி, எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது என்று பரிசோதனையில் தெரியும்வரை ஆணுறை. அதற்கப்புறம் குடும்பம் எப்போதும்போல. கல்யாணம் பேசும் இடத்தில் மறைக்கவும் வேண்டாம், அதற்காக முறிக்கவும் வேண்டாம். ஆறு மாதம் முன்னால் சொன்னால் ஊசி மூன்றும் போட்டு முடித்துவிடலாம். முகூர்த்தம் பார்க்கிற அவகாசம்தானே அது.

இனி வருவதுதான் எல்லாவற்றிலும் கனமானது: பிரசவம். வளர்ந்தவருக்குத் தொற்றினால் 100-ல் 95 பேருக்கு விலகிவிடும் என்று சொன்னேன். பிறக்கும்போது தொற்றிய குழந்தைக்குக் கணக்கு தலைகீழ். 100-ல் 90 குழந்தைகளுக்கு அது வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடும். முப்பது, நாற்பது வயதில் கல்லீரல் சுருங்கியோ புற்றுநோயாகவோ வெளியே தெரியும். தாயிடம் வைரஸ் அதிகமாக இருந்து, வைரஸ் வேகமாகப் பெருகுவதைக் காட்டும் எச்பிஇஏஜி-யும் பாசிட்டிவ் என்றால், ஒன்றும் செய்யாமல் விட்டால் 100-க்கு 70 முதல் 90 குழந்தைகளுக்குத் தொற்றும். சிசேரியன் செய்தால் தப்பிக்கலாம் என்பது சரியில்லை. தப்பிக்கவைப்பது முதல் 24 மணி நேரம்.

ஒவ்வொரு கர்ப்பத்திலும் எச்பிஎஸ்ஏஜி பார்க்க வேண்டும், மூத்த பிள்ளைக்குப் பார்த்தது இதற்குச் செல்லாது. பாசிட்டிவ் என்றால் வைரஸ் எண்ணிக்கை பார்ப்பார்கள். மில்லி லிட்டருக்கு 2,00,000 யூனிட்டுக்கு மேல் இருந்தால் 28-வது வாரத்திலிருந்து டெனோஃபோவிர் 300 மில்லிகிராம் மாத்திரை தினம் ஒன்று. அந்த எண்ணிக்கைப் பரிசோதனையும் எச்பிஇஏஜி-யும் கிடைக்காத இடத்தில், பாசிட்டிவான கர்ப்பிணிகளுக்கு அளவு பார்க்காமலே கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2024-ல் சொல்லியிருக்கிறது. குழந்தை பிறந்ததும் 12 மணி நேரத்துக்குள் ஒரு தொடையில் தடுப்பூசி 0.5 மில்லி, மறு தொடையில் இம்யூனோகுளோபுலின். ஒன்று உடம்பைத் தயார் செய்கிறது, மற்றது தயாராகும்வரை காவல் நிற்கிறது. ஒரே தொடையில், ஒரே இடத்தில் இரண்டையும் போடக்கூடாது. தாய்க்கு பி இல்லை என்றாலும் எல்லாக் குழந்தைக்கும் 24 மணி நேரத்துக்குள் அந்தத் தடுப்பூசி உண்டு. பிறகு 6, 10, 14-வது வாரங்களில் பென்டாவேலன்ட் ஊசியில் சேர்ந்தே வந்துவிடும். தமிழ்நாட்டில் 2011 டிசம்பரிலிருந்து அது இலவசமாகப் போடப்படுகிறது.

இவ்வளவு தெளிவாக இருந்தும் எங்கே தவறுகிறது? நம் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டில். ஐந்தாம் மாதமோ ஏழாம் மாதமோ பெண்ணை அழைத்து வருவார்கள். பரிசோதனை எடுத்தது சென்னையிலோ கோயம்புத்தூரிலோ கணவர் வீட்டில். ஃபைல் அங்கேயே அலமாரியில் இருக்கும். வளையலும் பட்டுப்புடவையும் பெட்டியில் வரும், ரிப்போர்ட் வராது. பிரசவ வலி எடுத்து ராத்திரி இரண்டு மணிக்குப் போய் நிற்கும்போது பணியில் இருக்கும் நர்சுக்கு அந்தப் பெண்ணின் பி பற்றி எப்படித் தெரியும்? அரசிடம் கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண்ணும் தாய் சேய் நல அட்டையும், எச்பிஎஸ்ஏஜி எழுதிய தாளின் போன் படமும் பெண்ணின் கையில் இருக்க வேண்டும். ஏழாம் மாதத்திலேயே பிரசவம் பார்க்கப்போகிற இடத்தில் இம்யூனோகுளோபுலின் இருக்கிறதா என்று கேட்டுவைக்க வேண்டும். பிறந்த பிறகு மதுரைக்கோ திருச்சிக்கோ ஆள் அனுப்பி வாங்குவதற்குள் நேரம் ஓடிவிடும்.

இரண்டாவது தவறு சனிக்கிழமை ராத்திரி பிறக்கும் குழந்தைகளுக்கு. தடுப்பூசி திங்கட்கிழமை போடுவார்கள் என்று அனுப்பிவிடுவார்கள். ஒரு குழந்தைக்காகப் பத்து டோஸ் குப்பியைத் திறப்பானேன் என்ற கணக்கு. திறந்த ஹெபடைடிஸ் பி குப்பியை, சரியான குளிரில் தேதி எழுதி வைத்திருந்தால் 28 நாள் வரை பயன்படுத்தலாம் என்பது அரசு விதியே. அதைச் சொல்லிக் கேளுங்கள். எடை குறைவு என்று தள்ளிப்போடுவதும் உண்டு. பாசிட்டிவ் தாயின் குழந்தை 2 கிலோவுக்குக் கீழே இருந்தாலும் முதல் டோஸ் போட்டே ஆக வேண்டும், அதைக் கணக்கில் சேர்க்காமல் பிறகு மூன்றும் போடுவார்கள்.

குழந்தை தப்பித்ததா என்று 9 முதல் 12 மாதத்துக்குள் பார்க்க வேண்டும். எச்பிஎஸ்ஏஜி-யும், எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் ஆன்ட்டி எச்பிஎஸ்-ம் இரண்டும். அதற்கு முன் பார்த்தால் பிறந்தபோது போட்ட இம்யூனோகுளோபுலினின் மிச்சமே சக்தி என்று காட்டி ஏமாற்றும். முடிகாணிக்கை தேதி நினைவிருக்கிற அளவுக்கு இந்தத் தேதி நினைவிருப்பதில்லை.

வளர்ந்தவர்களுக்கு ஊசி மூன்று: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். ஒவ்வொன்றும் 1 மில்லி, 20 மைக்ரோகிராம், மேல்கையில். இடுப்பில் போட்டால் கொழுப்பில் தங்கிச் சரியாக வேலை செய்யாது. 'கை வலிக்கும்' என்று வெட்கப்படாமல் இடுப்பைக் காட்டுபவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு தவணை தவறினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், முதலிலிருந்து வேண்டாம். டயாலிசிஸ் செய்பவர்களுக்கு அளவு இரட்டிப்பு, முறையும் வேறு. வீட்டில் ஒருவருக்கு பி இருந்தால் ஊசிக்கு முன் மற்றவர்களுக்கு எச்பிஎஸ்ஏஜி பார்த்துவிட வேண்டும். ஏற்கெனவே தொற்றியவருக்கு ஊசி போட்டு ஒன்றும் ஆகாது, பாதுகாப்பு வந்துவிட்டது என்ற பொய் நிம்மதிதான் மிஞ்சும். கடைசி ஊசிக்கு ஒன்று இரண்டு மாதம் கழித்து ஆன்ட்டி எச்பிஎஸ் மில்லி லிட்டருக்கு 10 மில்லி-யூனிட்டாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் மூன்றையும் இன்னொரு சுற்று.

மருந்துக்கடையில் வாங்கி கிளினிக்குக்கு எடுத்துப் போகிறீர்கள் என்றால் ஒன்று கவனிக்க வேண்டும். இந்தத் தடுப்பூசிக்கு 2 முதல் 8 டிகிரி. எல்லோரும் வெயிலுக்குத்தான் பயப்படுவார்கள். இதற்கு உண்மையான எதிரி ஐஸ். குப்பியை ஐஸ்கட்டிக்குள் புதைத்து, காரைக்குடியிலிருந்து புதுவயலுக்குப் பஸ்ஸில் கொண்டுபோவதற்குள் உறைந்துவிட்டால் மருந்தைத் தாங்கி நிற்கும் அலுமினியத் துகள் கட்டிப்போகும், வேலை போய்விடும். உருகிய பிறகு பார்க்க ஒன்றும் தெரியாது. குலுக்கி வைத்தால் மட்டும் வேகமாக மேலே தெளிந்து அடியில் துகள் படியும். நல்ல மருந்து வெகுநேரம் ஒரே சீராகக் கலங்கலாக நிற்கும். குப்பிக்கும் ஐஸுக்கும் நடுவே துணி சுற்றிக் கொண்டுபோங்கள். வீட்டு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசருக்கு நேர் கீழேயும் கதவிலும் வைக்காதீர்கள்.

ரத்தம் பட்ட ஊசி குத்திவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், வாயில் வைத்து உறிஞ்சவே வேண்டாம். கண்ணில் தெறித்தால் வெறும் தண்ணீரால் நன்றாக அலசுங்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். ஏற்கெனவே ஊசி போட்டு ஆன்ட்டி எச்பிஎஸ் 10 மில்லி-யூனிட்டாவது இருந்தது என்ற தாள் கையில் இருந்தால் வேலை முடிந்தது. ஊசியே போடாதவர் என்றால் தடுப்பூசியும், உடம்பு எடை ஒரு கிலோவுக்கு 0.06 மில்லி என்று இம்யூனோகுளோபுலினும். 60 கிலோ ஆளுக்கு 3.6 மில்லி. 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது, 7 நாளுக்கு மேல் போனால் பயன் பெரிதாக இல்லை. அன்றைக்கே எடுத்த பரிசோதனை நெகட்டிவ் என்பதை வைத்துத் திருப்தி அடையாதீர்கள். தொற்றியிருந்தாலும் தாளில் தெரிய வாரங்கள் ஆகும், ஆறாம் மாதம் மறுபடி பார்க்க வேண்டும்.

கடைசியாக, அந்த 'அன்ஃபிட்' தாளோடு நிற்கும் பையன். ஏஜென்டுக்குக் கட்டிய பணம், வட்டி, வீட்டின் எதிர்பார்ப்பு எல்லாம் அந்த ஒரு வரியில் நிற்கும். அந்த நேரம் பார்த்து, மூன்றே மாதத்தில் நெகட்டிவ் ஆக்கித் தருகிறேன் என்று லேகியம் விற்பவர் எங்கிருந்தாவது முளைப்பார். நாள்பட்ட பி-யில் தானாகவே நெகட்டிவ் ஆவது வருடத்துக்கு 100-ல் ஒருவர் போல. அந்த ஒருவரைக் காட்டித்தான் மற்ற 99 பேரிடம் வியாபாரம் நடக்கிறது. சில லேகியங்களில் சேரும் உலோகங்கள் கல்லீரலையே பதம் பார்க்கும்.

அந்தப் பையன் செய்ய வேண்டியது வேறு. ஆறு மாதம் கழித்தும் எச்பிஎஸ்ஏஜி இருந்தால்தான் நாள்பட்டது. கல்லீரல் என்சைம், வைரஸ் எண்ணிக்கை, ஸ்கேன் மூன்றும் பார்த்துத்தான் மாத்திரை வேண்டுமா என்று முடிவு செய்வார்கள். பலருக்கு உடனே வேண்டியிருக்காது. 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் முதலில் விசாரிக்கலாம். மாத்திரை ஆரம்பித்தால் நன்றாக இருக்கிறது என்று தானாக நிறுத்தக்கூடாது, அடங்கிய வைரஸ் ஆவேசமாக எழும். வேறு எந்த நோய்க்கும் ஸ்டீராய்டோ புற்றுநோய் மருந்தோ போடும் முன் 'எனக்கு பி இருக்கிறது' என்று சொல்லிவிட வேண்டும். சாராயம் எந்த அளவிலும் வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கல்லீரல் சுருங்காமலே புற்றுநோய் வரக்கூடிய வைரஸ் இது.

பையனை எங்கே போனாய், என்ன செய்தாய் என்று விசாரணை செய்வதை விட்டுவிடலாம். இவ்வளவு காலம் உடம்பில் தங்கியிருக்கிறது என்றால் பெரும்பாலும் பிறப்பிலோ சின்ன வயதிலோ வந்ததுதான். முதலில் அம்மாவுக்கு ஒரு எச்பிஎஸ்ஏஜி எடுங்கள். அடுத்து கூடப் பிறந்தவர்கள் எல்லோருக்கும், கட்டிக்கொடுத்துப் போன அக்காவையும் சேர்த்து. அக்கா இப்போது முழுகாமல் இருக்கிறார் என்றால் அவருக்குத்தான் முதலில் போன் போட வேண்டும்.